சூரியப் பண்ணையில் களை: மருந்தா, மெஷினா, செம்மறியா?

தென் ஜொகூர் தோட்டத் தமிழர்களுக்குக் கூலாய் யங் தோட்டம் பழகிய பெயர். பௌஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்திடம் செம்பனைத் தோட்டமாக இருந்த அந்த இடத்தில் ஏறக்குறைய 660 ஹெக்டர் நிலத்தை வாங்குவதாக ஒய்டிஎல் பவர் நிறுவனம் 2021இல் அறிவித்தது. அங்கே தரவு மையப் பூங்காவும் அதற்கு மின்சாரம் தரும் சூரியப் பண்ணையும் திட்டமிடப்பட்டன. காடு திருத்தி நடப்பட்ட பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனை நின்ற மண்ணில் கண்ணாடிப் பலகைகளின் காலம் தொடங்கியிருக்கிறது.

எரிசக்தி ஆணையம் 2016இல் தொடங்கிய பெரிய அளவிலான சூரிய மின் திட்டத்தின் வழி நாடெங்கும் இத்தகைய பண்ணைகள் எழுந்து வருகின்றன. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஹெக்டர் வரை நிலம் தேவைப்படும். அந்த நிலத்தில் ஒரு பகுதி நேற்றுவரை தோட்டமாக இருந்ததுதான்.

மரம் போனாலும் புல் போவதில்லை. தோட்டத்தின் மிகப் பழைய வேலையான களை எடுப்பு, சூரியப் பண்ணைக்குள்ளும் நாள்தோறும் காத்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பது மின்சார நிறுவனத்தின் கணக்கு மட்டுமல்ல. அந்த வேலையைச் செய்பவரின் உடல்நலமும், அக்கம்பக்கத்தில் ஆடு மாடு வளர்ப்பவரின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

புல்லால் என்ன கெடும்?

மலேசியா பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் இங்கே பலகைகளைச் சற்றே சாய்த்துத் தாழ்வாகப் பொருத்துவார்கள். பலகையின் கீழ் விளிம்பு பெரும்பாலும் ஒருவரின் இடுப்புக்கும் கீழேதான் இருக்கும். ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. குளிர்காலம் என்று புல் ஓய்ந்திருக்கும் பருவமும் இங்கில்லை. இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் புல் அந்த விளிம்பைத் தாண்டிவிடும்.

ஒரு பலகைக்குள் இருக்கும் மின்கலங்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஒரு மின்கலத்தின் மேல் நிழல் விழுந்தால், அது தன் பங்கை மட்டும் குறைத்துக்கொண்டு நிற்காது. அதே சங்கிலியில் ஓடும் மின்சாரத்தையே தடுக்கும். நிழல் பட்ட மின்கலம் சூடேறும். நாளடைவில் அந்த இடம் கருகிப் பலகை பழுதாகும். இதைத் தவிர்க்கப் பலகைக்குள் பாதுகாப்பு டையோடுகள் இருந்தாலும், நிழல் பட்ட பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். கொடி வகைகள் இன்னும் மோசம். அவை தாங்கிகளில் ஏறிப் பலகையின் மேலேயே படர்ந்துவிடும்.

வெயில் காலத்தில் காய்ந்த லாலாங் எளிதில் தீப்பற்றும். உயர்ந்த புல்லுக்குள் பாம்பு இருந்தாலும், கம்பி அறுந்து கிடந்தாலும் பராமரிப்புத் தொழிலாளரின் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் ஒரு புல்லும் இல்லாமல் வழித்துவிடலாமே என்று தோன்றும். வெறும் செம்மண்ணில் ஜொகூர் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் புதிதாக மறுநடவு செய்த தோட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மேல்மண் கரைந்து கால்வாயை அடைக்கும்; ஆற்றைக் கலக்கும். பலகையிலிருந்து ஒரே கோட்டில் வழியும் தண்ணீர் மண்ணில் பள்ளம் பறித்து, தாங்கியின் அடியையே அரிக்கும். ஆகவே சூரியப் பண்ணைக்குத் தேவைப்படுவது மண்ணை மூடியும், பலகையை மறைக்காமலும் இருக்கும் தாழ்வான பச்சை.

மெஷினும் மருந்தும்

இன்று வழக்கத்தில் உள்ளவை இரண்டு வழிகள். ஒன்று, தோளில் மாட்டும் புல்வெட்டி மெஷினும் டிராக்டரும். வேலை உடனே முடியும். ஆனால் மெஷின் தெறிக்கவிடும் ஒரு சிறு கல் போதும், பலகையின் கண்ணாடி விரிசல் விட. தாங்கிகளைச் சுற்றி மெஷின் எளிதில் நுழையாது. கீழே தொங்கும் கம்பியையும் வெட்டிவிடும் அபாயம் உண்டு. வெட்டிய புல் மழைக்குப் பிறகு மீண்டும் எழும்; ஆண்டுக்குப் பல முறை சுற்றி வர வேண்டும்.

மற்றது மருந்தடிப்பு. இதன் விலை என்னவென்று தோட்டப்புறக் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழ்ப் பெண்கள். தெனாகானித்தா அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்புக் கூட்டமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களிடையே தலைச்சுற்று, குமட்டல், தோல் பாதிப்பு, கண் எரிச்சல், மூச்சுத் திணறல் போன்ற பாதிப்புகளைப் பதிவு செய்தது. அதே 2002இல் பாராகுவாட் மருந்துக்கு அரசு தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல்தான் பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

பாராகுவாட் போன பிறகும் வேறு களைக்கொல்லிகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையான கிளைபோசேட்டை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், மருந்தடிப்பதால் சூரியப் பண்ணைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மருந்து எல்லாவற்றையும் கருக்கிய பிறகு வெறும் மண்ணில் முதலில் முளைப்பது பெரும்பாலும் முரட்டுக் களைகளே.

பால்மரக் காட்டில் மேய்ந்த செம்மறி

மூன்றாவது வழி, தாழ்வாக வளரும் செடிகளை நட்டு, மிஞ்சி வளர்வதைச் செம்மறி ஆடுகளை மேயவிட்டுக் கட்டுப்படுத்துவது. மலேசியச் சூரியப் பண்ணைகளுக்கு இது புதிது. மலேசியத் தோட்டங்களுக்குப் புதிதல்ல.

மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலேயே பால்மரங்களுக்கு இடையே செம்மறி மேய்க்கும் சோதனைகளில் இறங்கியது. மேய்க்கப்பட்டது ‘மாலின்’ என்று அழைக்கப்படும் மலேசிய உள்நாட்டுச் செம்மறி. உருவத்தில் சிறியது, ஆனால் இந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழகியது. உடல் எடையைக் கூட்ட, டோர்செட் இனக் கடாக்களோடு மாலினைக் கலந்தார்கள். மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி, நிழலில் வளரக்கூடிய தீவனப் புல் வகைகளை ஆராய்ந்தது. 1990 ஜூனில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள சானூரில், தோட்டப் பயிர்களுக்கு அடியில் வளரும் தீவனம் பற்றி ஓர் அனைத்துலக ஆய்வரங்கு நடந்தது. பால்மரக் காட்டில் செம்மறி வளர்த்த மலேசிய அனுபவம் அதில் முக்கிய இடம் பெற்றது.

அந்தச் சோதனைகள் இரண்டு பாடங்களைத் தந்தன. ஒன்று, ஆடு மேய்ந்த இடத்தில் களை எடுக்கும் செலவு குறைந்தது, இறைச்சியும் கிடைத்தது. இன்னொன்று, அந்த லாபம் நீடிக்கவில்லை. பால்மரக் கன்று நட்ட முதல் நான்கைந்து ஆண்டுகள் வெயில் தரை வரை இறங்கும்; புல்லும் செழிக்கும். பிறகு கிளைகள் கூடி நிழல் அடர்ந்ததும் தீவனம் பெரிதும் சுருங்கிவிடும். மந்தையை வைத்துக்கொண்டு தீவனத்துக்கு அலைய வேண்டிய நிலை வந்தது.

சூரியப் பண்ணையில் இந்த இடையூறு இல்லை. பலகைகள் வளர்வதில்லை. முதல் ஆண்டில் வரிசைகளுக்கு நடுவே விழும் வெயில்தான் இருபதாம் ஆண்டிலும் விழும். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்களும் 20 ஆண்டுகளுக்கு மேல் நீள்பவை. பால்மரக் காட்டில் ஐந்தாண்டுகளில் முடிந்துபோன தீவனம், இங்கே ஒரு தலைமுறைக்கு இருக்கும். சுற்றிலும் வேலியும் கண்காணிப்புக் கேமராவும் உண்டு. மதிய வெயிலுக்குப் பலகையே கூரை.

வெள்ளாடு ஏன் கூடாது?

தோட்டப்புறத்தில் வெள்ளாடும் மாடும் வளர்த்தவர்களே அதிகம். ஆனால் இந்த வேலைக்கு அவை பொருந்தா. வெள்ளாடு தாவும், பலகையின் மேல் ஏறி நிற்கும். கொழுந்தைத் தேடி எட்டி மேயும் பழக்கத்தில் கம்பியையும் கடிக்கும். மாடு பெரிய உருவம். தாங்கியில் உடம்பைத் தேய்த்தால் பலகை ஆட்டம் காணும். செம்மறி தலையைக் குனிந்து தரையோடு மேயும். பலகைக்கு அடியில் நுழையும் உயரம் கொண்டது.

செம்மறியிலும் இனம் பார்க்க வேண்டும். குளிர்நாட்டுக் கம்பளி ஆடுகளுக்கு இந்த ஈர வெப்பம் ஒத்துக்கொள்ளாது. ரோமம் கத்தரிக்கும் செலவும் சேரும். மாலின் கலப்பு, பார்படோஸ் கருவயிற்று ஆடு, சாந்தா இனெஸ், டோர்ப்பர் போன்ற வெப்பம் தாங்கும் இனங்களே ஏற்றவை. முட்டி மோதும் கடாக்களைத் தனியே வைத்து, பெட்டைகளையும் காயடித்த ஆடுகளையும் உள்ளே விடுவது பாதுகாப்பு.

முதலில் புல்லைப் படிக்க வேண்டும்

ஆட்டை லாரியில் ஏற்றுவதற்கு முன், நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர்களின் கண் இதில் பெரிய சொத்து. ஜொகூர்த் தோட்டங்களில் அடிக்கடி காணப்படும் களைகளில் சிலவும், செம்மறி அவற்றை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் வருமாறு:

- ரும்புட் இஸ்ரேல்: தோட்ட நிர்வாகங்களுக்குத் தலைவலியான இந்தக் களை, செம்மறிக்கு விருப்பமான, புரதம் நிறைந்த தீவனம். தொடர்ந்து மேய்ந்தால் குறைந்துவிடும்.

- மிக்கானியா கொடி: பலகையில் ஏறக்கூடியது. செம்மறி விரும்பி மேயும்.

- எருமைப்புல் எனப்படும் ரும்புட் கெர்பாவ்: நிழலிலும் வளரும், மேய்ச்சலுக்கும் ஈடு கொடுக்கும்.

- லாலாங்: இளம் குருத்தை மட்டுமே ஆடு தொடும். முற்றியதை விட்டுவிடும். மேய்ச்சலால் மட்டும் லாலாங்கை ஒழிக்க முடியாது.

- செண்டுடுக், உண்ணிச்செடி: ஆட்டை நம்பி இவற்றை விட்டுவைக்கக் கூடாது. உண்ணிச்செடி ஆட்டுக்கு நஞ்சு, கல்லீரலைக் கெடுக்கும். பலகைகளுக்கு நடுவே இவை முளைத்தால் வேரோடு பிடுங்க வேண்டும்.

- சிக்னல் புல்: பசுமையாகவும் செழிப்பாகவும் தெரியும். இதுதான் பெரிய கண்ணி.

சிக்னல் புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாட்டுத் தீவனமாக இந்நாட்டில் பரவலாக நடப்பட்டது. மாடு மேயலாம். செம்மறிக்கு அது நஞ்சாகும் என்பதை 1980களிலிருந்து மலேசிய ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளனர். அந்தப் புல்லில் உள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள் ஆட்டின் கல்லீரலைக் கெடுக்கிறது. முகமும் காதும் வீங்கும், வெயில் பட்டால் தோல் உரியும், கண் மஞ்சளாகும், ஆடு நிழலை விட்டு வர மறுக்கும். பிறகு சாகும். சிக்னல் புல் மூடிய நிலத்தில் செம்மறியை விடுவதாக ஒருவர் ஒப்பந்தம் போட்டால், அவர் முதலில் இழப்பது தம் மந்தையைத்தான். அப்படிப்பட்ட நிலத்தில் புல்லை மாற்றிய பிறகே ஆட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

மண்ணுக்குரிய செடிகள்

எதை நடுவது? தோட்டக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மூடுபயிர்க் கொடிகள். பியுரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, பிறகு வந்த முக்குனா ஆகியவை செம்பனைக் கன்றுகளுக்கு இடையே மண்ணைக் காத்தவை. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்தவை. ஆனால் இவை நான்கும் ஏறு கொடிகள். செம்பனைக் கன்றின் மேல் ஏறாமல் இருக்க மாதாமாதம் கொடி இழுத்த அனுபவம் பலருக்கு உண்டு. பலகைகளுக்கு அடியில் முக்குனாவை விட்டால் சில மாதங்களில் பண்ணையே கொடிக்கு அடியில் போய்விடும்.

தேவைப்படுவது ஏறாத, நிமிராத, தரையோடு ஓடும் செடிகள். அவற்றில் பல நம் வீட்டுப் பக்கமே வளர்பவை. வெயில் விழும் இடைவெளிகளுக்கு அருகம்புல் பொருந்தும். சிறுபுள்ளடி என்ற குறுஞ்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, தரையோடு படரும், மண்ணுக்கு நைட்ரஜன் தரும், ஆடும் மேயும். ஈரமும் அரைநிழலும் உள்ள இடத்தில் வல்லாரை தானே பரவும். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமில் சேர்க்கும் அதே கீரைதான்.

பலகையின் தண்ணீர் வழியும் கோட்டில் வேர் நன்றாகப் பிடிக்கும் புல்லை அடர்த்தியாக நடுவது மண் அரிப்பைத் தடுக்கும். வேலி ஓரத்தில் செண்டுடுக், வெட்சி போன்ற பூச்செடிகளை வைக்கலாம். ஆடு எட்டாத தூரத்தில், பலகையின் மேல் நிழல் விழாத அளவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். கெலுலுட் என்று இங்கே அழைக்கப்படும் கொசுத்தேனீக்கு அவை உணவு. கெலுலுட் தேன் இன்று நல்ல விலை போகும் பொருள் என்பதால், வேலி ஓரத்துப் பூச்செடியும் ஒரு சிறு வருமானத்துக்கு வழியாகலாம்.

பூச்செடிகளால் என்ன மாறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தில் இரண்டு சூரியப் பண்ணைகளில் அந்த மண்ணுக்குரிய புல்லையும் பூச்செடிகளையும் விதைத்து, ஆர்கோன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2018 முதல் 2022 வரை கவனித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை மூன்று மடங்கானது. அந்த மண்ணுக்குரிய தேனீக்கள் 20 மடங்கு பெருகின. அதே விதைகளை இங்கே கொண்டுவந்தால் பயனில்லை. அந்தந்த மண்ணுக்குரியதை அங்கங்கே நட வேண்டும் என்பதே அந்த ஆய்வு தரும் படிப்பினை.

மந்தையைக் கொல்லும் மூன்று

செம்மறி வளர்ப்பில் கைசுட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது குடற்புழு. ஈர வெப்ப நாடுகளில் ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப் புழு ஆண்டு முழுவதும் பெருகும். ஈறு வெளுக்கும்; தாடைக்கடியில் வீக்கம் காணும்; குட்டிகள் முதலில் விழும். புழு மருந்தை அடிக்கடி கொடுத்ததால் அந்த மருந்துகளுக்கே புழுக்கள் அசையாத நிலை தீபகற்ப மலேசியாவில் உருவாகிவிட்டதை, ஈப்போ கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் சந்திரவதனி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 1990களிலேயே காட்டினார்கள்.

மருந்துக்கு மாற்று, மேய்ச்சலின் சுற்று. புழு முட்டை சாணத்தோடு விழுந்து, நோய் தரும் நிலைக்கு வளரச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் மந்தை அடுத்த பாத்திக்குப் போய்விட வேண்டும். புல்லில் காத்திருக்கும் புழுக்கள் இந்த வெப்பத்தில் சில வாரங்களில் செத்துவிடும். அதன் பிறகே திரும்பி வர வேண்டும். பசிபிக் தீவு நாடான தோங்காவில் வெள்ளாடுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நிலத்தைப் பத்துப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, 35 நாளில் ஒரு சுற்று முடித்தபோது புழுத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. நேர் வரிசைகளாக அமைந்த சூரியப் பண்ணை, இப்படிப் பாத்தி பிரிப்பதற்கு என்றே அமைந்தது போன்ற இடம். புல்லும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்கும்.

இரண்டாவது, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. ஜொகூரில் எளிதில் கிடைக்கும் மலிவுத் தீவனம் அது, மாட்டுக்கு நல்லது. அதில் உள்ள செம்புச் சத்து செம்மறியின் கல்லீரலில் மெல்லச் சேரும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கண் மஞ்சளாகிச் சிறுநீர் சிவந்து ஆடு திடீரென்று சாகும். புல் குறைந்த நாட்களில் புண்ணாக்கை மட்டும் கொட்டிச் சமாளிக்க நினைப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது, தெருநாய். ஒரே இரவில் ஒரு மந்தையே அழிந்துவிடக்கூடும். பண்ணையின் வேலி பகலுக்குப் போதும். இரவில் ஆடுகளைப் பரண் வைத்த கொட்டகையில் அடைப்பதே இந்நாட்டு வழக்கம். ஈரத் தரையில் படுக்காததால் குளம்பு அழுகலும் சளிக் காய்ச்சலும் குறையும்.

மற்ற நாடுகள் செய்வது

சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில், கோங்ஹே பகுதிப் பாலைநிலத்தில் மாபெரும் சூரியப் பூங்கா ஒன்று இருக்கிறது. பலகைகளின் நிழலாலும், அவற்றைக் கழுவும் தண்ணீராலும் வறண்ட மண்ணில் புல் மளமளவென்று எழுந்து பலகைகளையே மறைக்கத் தொடங்கியது. தீப்பிடிக்கும் அச்சமும் சேர்ந்தது. பக்கத்துக் கிராமத்து ஆட்டுக்காரர்களை உள்ளே அழைத்தார்கள். அந்தச் செம்மறிகளுக்கு இன்று ‘சூரிய மின் ஆடுகள்’ என்றே பெயர்.

அமெரிக்காவில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பு, 500க்கும் மேற்பட்ட சூரியப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான செம்மறிகள் மேய்வதாகச் சொன்னது. அங்கே பல ஆட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்கு வாடகை கொடுப்பதில்லை. களையைக் கட்டுப்படுத்தும் சேவைக்காகப் பண்ணை நிறுவனமே அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பலகைகளுக்கு அடியில் புல் குறைவாக விளைந்தாலும் அதன் சத்து கூடியிருந்தது. அங்கே மேய்ந்த குட்டிகள் திறந்தவெளியில் மேய்ந்தவற்றுக்கு இணையாகவே எடை போட்டன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ, பார்க்ஸ் வட்டாரப் பண்ணைகளிலும் செம்மறிகள் மேய்கின்றன.

கேரளத்தின் கொச்சி விமான நிலையம் 2015இல் முழுமையாகச் சூரிய சக்தியில் இயங்கத் தொடங்கியது. அங்கே பலகை வரிசைகளுக்கு நடுவே காய்கறி பயிரிட்டார்கள். பலகை கழுவிய தண்ணீர் செடிக்குப் போனது. செடி இருந்ததால் களை முளைக்கவில்லை. இந்நாட்டில் பூத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பூனை மீசை மூலிகையைப் பலகைகளுக்கு அடியில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பலகைக்கு அடியில் உள்ள நிலம் வெறுமனே கிடக்க வேண்டியதில்லை என்பதை இந்தச் சோதனைகள் எல்லாம் காட்டுகின்றன.

யாருக்கு வேலை, யாருக்கு வருமானம்?

மலேசியாவில் விற்பனையாகும் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இங்கே உற்பத்தியாகிறது. மீதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. தீபாவளிக்கும் ஹரி ராயாவுக்கும் உள்ளூர் ஆட்டின் விலை எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, சந்தைக்குக் குறைவில்லை. நிலம்தான் குறை. தோட்டத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடும் ஆடும் வைத்திருந்த குடும்பங்கள், தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு மேய்ச்சல் நிலத்தையும் இழந்தன. நகரத்து மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்கு மாட்டைக் கொண்டுபோக முடியுமா?

அந்தக் குடும்பங்களின் அனுபவம் சூரியப் பண்ணைக்குள் மீண்டும் பயன்பட வழி இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. ஆட்டை இலவசமாக விட்டு மேய்த்துக்கொள் என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும், களைக் கட்டுப்பாட்டுச் சேவை என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுவதற்கும் வேறுபாடு பெரிது. முதல் வகையில், நிர்வாகம் மாறிய மறுநாளே ஆட்டுக்காரர் வெளியே நிற்பார். இதில் இறங்க நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை:

- புல்லின் உயரம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? ஆடு தொடாத களையை வெட்டும் பொறுப்பு யாருடையது?

- சேவைக்குக் கட்டணம் உண்டா? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு?

- களைக்கொல்லி அடிக்கப்படுமா? அடித்தால் எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிப்பார்கள், எத்தனை நாள் ஆட்டை வெளியே வைக்க வேண்டும்?

- குடிதண்ணீர், இரவுக் கொட்டகைக்கு இடம் கிடைக்குமா?

- கம்பிகள் ஆடு எட்டாத உயரத்தில் கட்டப்பட்டு, உறையிடப்பட்டிருக்கின்றனவா? இந்த வரிசைகளில் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டிய மின்சாரம் ஓடக்கூடும். உள்ளே நுழைபவருக்கு மின் பாதுகாப்புப் பயிற்சி யார் தருவார்கள்?

- பலகை உடைந்தாலோ ஆடு இறந்தாலோ இழப்பு யாரைச் சேரும்? காப்புறுதி இருக்கிறதா?

ஆடுகளை வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவரக் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதி வேண்டும். நோய்ப் பரிசோதனை, தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டறியலாம். ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கால்நடைப் பயிற்சி தரும் மலேசியக் கால்நடைக் கழகம் குளுவாங்கில்தான் இருக்கிறது. மார்டியின் நிலையமும் அதே ஊரில் உண்டு. புல்லுக்கும் ஆட்டுக்கும் அறிவுரை தேடிக் கோலாலம்பூர் போக வேண்டியதில்லை.

தனியொருவரால் நூறு ஆட்டுக்கு முதல் போட முடியாது. 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாக ஓர் ஏக்கரும் வாங்க முடியாதவர்கள், சேர்ந்து தோட்டங்களையே வாங்கினார்கள். இன்று நிலம் வாங்கும் பேச்சில்லை. ஒரு மந்தையும் ஒரு கொட்டகையும் முறையான ஒப்பந்தமும் போதும். பத்துக் குடும்பங்கள் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்தால் அது எட்டாத தொகையல்ல.

தொடக்கம் சிறிதாக இருப்பதே நல்லது. பண்ணையின் ஒரு மூலையில் சில ஹெக்டரை வேலி பிரித்து, இருபது முப்பது ஆடுகளை ஓர் ஆண்டு மேய்த்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் புல் எவ்வளவு முந்துகிறது, வெயிலில் எவ்வளவு பிந்துகிறது, எந்தக் களை மிஞ்சுகிறது, எத்தனை குட்டி பிழைக்கிறது என்று குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு எத்தனை ஆடு வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரியும். மெஷினுக்கும் மருந்துக்கும் ஆன செலவைப் பண்ணை நிர்வாகம் அதே ஆண்டில் எழுதி வைத்திருக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, ஆட்டுக்காரர் உதவி கேட்டு வந்தவராக இல்லாமல் வேலைக்கு விலை சொல்பவராக உட்காரலாம்.